ஈசிஎஸ்ல கேம் எழுதப் போறீங்களா? எந்த சிஸ்டம் முன்ன, எது பின்னன்னு மொதல்ல நோட்டுல எழுதுங்க

எனக்கு தங்கச்சிமடம். பகல்ல ஒரு ஐஸ் கம்பெனியில கணக்கு எழுதுறேன், ராத்திரி கேம் எழுதுறேன். கேம் ஒண்ணும் பெருசில்ல, பாம்பன் பக்கம் வள்ளத்துல போயி வலை விட்டு மீன் புடிச்சு விடியுறதுக்குள்ள கரைக்கு வந்து சேரணும், அவ்ளோதான். ஏழு மாசமா எழுதுறேன், அதுல நாலு மாசம் ஒரே பிரச்சினையில போச்சு. எந்த சிஸ்டம் எப்ப ஓடணும், எதுக்கப்புறம் ஓடணும், எத்தன தடவ ஓடணும், இதான் அந்தப் பிரச்சினை. ஈசிஎஸ்ங்கிறது எண்டிட்டி (கேம்ல இருக்குற ஒரு பொருள்), காம்பொனென்ட் (அதப் பத்துன ஒரு தகவல்), சிஸ்டம் (அந்தத் தகவலப் படிச்சு மாத்துற கோடு), இந்த மூணும் என்னன்னு சொல்ற வீடியோ ஆயிரம் கெடக்கு, நீங்க அதெல்லாம் பாத்துட்டுதான் வந்திருப்பீங்க. ஆனா சிஸ்டம் இருபது ஆனப்புறம் என்ன ஆகும்னு சொல்றவன் கம்மி. அந்த நாலு மாசம் உங்களுக்காவது மிச்சம் ஆகட்டும்னு இத எழுதுறேன்.

மொதல்ல என் வயித்தெரிச்சல சொல்லிடுறேன். கேம்ல ஒரு சின்ன சரக்குக் கப்பல் வரும், அது வந்தா பாலத்தோட நடுத்துண்டு மேல தூக்கணும். (வள்ளத்துக்குப் பாலம் தூக்க வேணாம்னு எங்க ஊர்ச் சின்னப்புள்ளைக்கும் தெரியும், அதான் கப்பல் வச்சேன்.) புதுப் பாலத்துல நெஜமாவே 72.5 மீட்டர் துண்டு 17 மீட்டர் ஒசரத்துக்கு அப்படியே லிஃப்ட் மாதிரி போகும், நானும் அதே அளவுதான் போட்டேன். ஓட்டிப் பாத்தா சில தடவ கப்பல் ஜம்முன்னு போகுது, சில தடவ தொறந்து நிக்கிற பாலத்துலயே முட்டி உடையுது. கோடு ஒரு எழுத்து மாத்தல, அதே கோடுதான். மூணு வாரம் முட்டுற கணக்கத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், அதுல ஒரு தப்பும் இல்ல. 'பாலம் தொறந்தாச்சு'ன்னு கொடிய (ஆமா, இல்லன்னு கோடுல வைக்கிற குறி) மாத்துற சிஸ்டமும், 'முட்டுதா'ன்னு பாக்குற சிஸ்டமும் ஒரு தடவ இது முன்ன, ஒரு தடவ அது முன்னன்னு ஓடிக்கிட்டு இருந்திருக்கு. கப்பல் வந்து சேர்ற ஒரே ஒரு ஃப்ரேம்ல (ஸ்கிரீன்ல ஒரு தடவ படம் வரையறது) ஆர்டர் மாறுனா போதும், கப்பல் காலி.

1. செலவு எவ்வளவு ஆகும்

இத சீக்கிரம் முடிச்சுடுவோம். ஈசிஎஸ்ல கேம் எழுத ரஸ்ட் மொழிக்கு பெவி, சி பிளஸ் பிளஸ்ஸுக்கு என்ட், சி-க்கு ஃப்ளெக்ஸ், மூணும் ஓப்பன் சோர்ஸ், பத்து பைசா கேக்காது. யூனிட்டியிலயும் எண்டிட்டீஸ் பேக்கேஜ் இருக்கு, நம்மள மாதிரி சின்ன ஆளுங்களுக்கு அதுவும் இலவசம்தான். நான் பெவி, அதனால உதாரணம் பூரா அதுலதான் வரும், மத்ததுல எப்படின்னு அங்கங்க சொல்றேன்.

பணம் கேக்குறது கடைசியில பிளே ஸ்டோர்ல போடும்போதுதான். டெவலப்பர் கணக்குக்கு ஒரே தடவ 25 டாலர். உங்க கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆஃப்ல இருக்கும், பேங்க் ஆப்ல போயி ஆன் பண்ணிட்டு கட்டுங்க, இல்லன்னா ஃபெயில் ஆகிக்கிட்டே இருக்கும். அடையாள அட்டையில இருக்குற பேரும் கணக்குல குடுக்குற பேரும் ஒண்ணா இருக்கட்டும், இனிஷியல் முன்ன பின்ன இருந்தாலே தலவலி. அப்புறம் புதுசா தனிநபர் கணக்கு எடுத்தவங்க 12 பேர வச்சு 14 நாள் விடாம டெஸ்டிங் ஓட்டிக் காட்டணும், நாளைக்குப் பொங்கல் இன்னைக்குப் போட்டுடலாம்னு நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க.

2. நோட்டுல ஒரு பக்கம்

கோடு எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தாள் எடுங்க. நான் ஐஸ் கம்பெனியோட பழைய டைரியில எழுதுனேன். அஞ்சு கட்டம் போடுங்க: சிஸ்டம் பேரு, எதப் படிக்குது, எத மாத்துது, எப்ப ஓடணும், எவ்வளவு நேரம் எடுத்துக்கலாம். கடைசி கட்டம் இப்ப காலியா இருக்கட்டும், எட்டாவதுல நெரப்பிக்கலாம்.

இதுல முக்கியமானது ரெண்டாவதும் மூணாவதும்தான். ஒரு சிஸ்டம் 'எடம்'ங்கிற காம்பொனென்ட மாத்துது, இன்னொண்ணு அதப் படிக்குதுன்னா அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு அம்புக்குறி போட்டே ஆகணும். ரெண்டு சிஸ்டம் ஒரே காம்பொனென்ட மாத்துதுன்னா செவப்பு மையில சுத்திடுங்க, பின்னாடி அடிபடப் போற எடம் அதான். என் டைரியில 'வேகம்' காம்பொனென்ட காத்து, நீரோட்டம், துடுப்பு, முட்டல்னு நாலு சிஸ்டம் மாத்திக்கிட்டு இருந்துச்சு. தாள்ல பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது. அப்புறம் காத்து, நீரோட்டம், துடுப்பு மூணும் 'விசை'ன்னு ஒரு காம்பொனென்ட்ல கூட்டி வைக்கும், ஒரே ஒரு சிஸ்டம்தான் அத எடுத்து வேகமா மாத்தும்னு ஆக்குனேன். முட்டல் மட்டும் தனியா அதுக்கப்புறம். பாதிப் பிரச்சினை அன்னைக்கே போயிருச்சு.

இப்ப என்கிட்ட இருக்குற வரிசை இதான்: பட்டன், காத்தும் நீரோட்டமும், வேகம், நகத்துறது, பாலம், முட்டுதான்னு பாக்குறது, வலை, மீன், அப்புறம் கேமரா, கடைசியா படம் வரையறது.

மொதல்ல வலை சிஸ்டத்த வள்ளத்த நகத்துற சிஸ்டத்துக்கு முன்னாடி வச்சிருந்தேன். என்ன ஆச்சுன்னா, வலை எப்பவும் வள்ளம் போன டிக்குல (கேம் கணக்கு ஒரு தடவ ஓடுறது ஒரு டிக்) எங்க இருந்துச்சோ அங்கயே தொங்கும். என் வள்ளம் செகண்டுக்கு 4 மீட்டர் போகும், செகண்டுக்கு 64 டிக், அப்ப ஒரு டிக்குக்கு ஆறேகால் சென்டிமீட்டர். கேம்ல ஒரு மீட்டர்ங்கிறது 32 பிக்ஸல், ஆக ரெண்டு பிக்ஸல் இடைவெளி. ரெண்டு பிக்ஸல்தானேன்னு விட்டா, காத்து அடிச்சு வேகம் கூடிக் கொறையும்போது அந்த இடைவெளியும் கூடிக் கொறையும், கயிறு கையில நிக்காம நடுங்கும். கயித்துல டென்ஷன் சரியில்லன்னு நான் ஸ்ப்ரிங் ஃபார்முலாவெல்லாம் மாத்திப் பாத்தேன். வரிசையில ரெண்டு வரிய எடம் மாத்துனதும் நடுக்கம் நின்னுடுச்சு. இந்த மாதிரி எது ஒண்ணு இன்னொண்ணுக்கு ஒரு எட்டு பின்னால வருதோ, மொதல்ல வரிசையில கை வைங்க, ஃபார்முலாவுல அப்புறம் கை வைக்கலாம்.

3. ஆர்டர எஞ்சின் இஷ்டத்துக்கு விடாதீங்க

பெவியில சிஸ்டங்கள நீங்க பட்டியலாக் குடுத்தா, அதே வரிசையில ஓடும்னுதான் எல்லாரும் நெனைப்போம். ஓடாது. ஒரே டேட்டாவத் தொடாத சிஸ்டங்கள ஒரே நேரத்துல பிராசஸரோட பல கோர்ல ஓட்டும். ஒரே டேட்டாவத் தொட்டா ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு ஓட்டும், ஆனா எது மொதல்லன்னு நீங்க சொல்லலன்னா அதுவா முடிவு பண்ணிக்கும். என் பாலக் கதை இதான். 'செயின்'னு போட்டா குடுத்த வரிசையிலயே ஓடும், 'பிஃபோர்' 'ஆஃப்டர்'னு ஜோடி ஜோடியாவும் சொல்லலாம். ஆர்டர் சொல்லாத மோதல் எங்கெங்க இருக்குன்னு எச்சரிக்கை காட்டுற அமைப்பும் பெவியில இருக்கு, ஆம்பிகியூட்டி டிடெக்ஷன்னு பேரு, வழக்கமா ஆஃப்ல இருக்கும். மொத நாளே ஆன் பண்ணுங்க, நான் அஞ்சாவது மாசம் பண்ணி 31 எச்சரிக்கை வந்துச்சு.

யூனிட்டியில 'அப்டேட் பிஃபோர்', 'அப்டேட் ஆஃப்டர்'னு சிஸ்டம் தலையில எழுதணும். அதுல ஒரு பொறி இருக்கு, ரெண்டு சிஸ்டமும் ஒரே குரூப்ல இருந்தாதான் அது வேலை செய்யும். ஃப்ளெக்ஸ்ல ஃபேஸ் ஃபேஸா (கட்டம் கட்டமா) பிரிச்சிருக்காங்க, ஒரே ஃபேஸுக்குள்ள நீங்க எழுதுன வரிசை. என்ட்ல ஃபங்ஷன நீங்களே ஒண்ணொண்ணா கூப்புடுவீங்க, அதனால இந்தத் தலவலியே இல்ல. உண்மையச் சொன்னா புதுசா பழகுறவங்களுக்கு அதான் நல்லது.

அதுக்காக எல்லாத்தையும் ஒரே செயின்ல கட்டிடாதீங்க, அப்புறம் நாலு கோர் இருந்தும் ஒண்ணுதான் ஓடும், மத்தது வேடிக்க பாக்கும். சிஸ்டங்கள மூணு நாலு கூட்டமா பிரிங்க (படிக்கிறது, கணக்கு, விளைவு, காட்டுறது), கூட்டத்துக்குக் கூட்டம் வரிசை வைங்க, கூட்டத்துக்குள்ள அம்புக்குறி இருக்குற எடத்துல மட்டும் வரிசை வைங்க.

4. ஸ்கிரீனுக்கு ஒரு கடிகாரம், கடலுக்கு ஒரு கடிகாரம்

கீழக்கரைக் கூட்டாளி ஒருத்தன் துபாய்ல இருந்து புது ஃபோன் கொண்டாந்தான், ஆசையா கேம அதுல போட்டுக் குடுத்தேன். ஒரு நிமிஷம் ஓட்டிட்டு, "என்ன மாப்ள, வள்ளம்னு சொன்ன, இது நேவி போட் மாதிரி பறக்குது?"ன்னான். அவன் ஃபோன் 120 ஹெர்ட்ஸ், என்னோடது 60. நான் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இவ்வளவு நகருன்னு எழுதி வச்சிருந்தேன், அவன் ஃபோன்ல செகண்டுக்கு ரெண்டு மடங்கு ஃப்ரேம், ரெண்டு மடங்கு வேகம்.

சரின்னு நெஜக் கடிகாரத்தோட டெல்டா டைமால (போன ஃப்ரேம்ல இருந்து இதுவரைக்கும் ஆன நேரம்) பெருக்குனேன். வேகம் சரியாச்சு, வேற ஒண்ணு வந்துச்சு. பழைய ஃபோன்ல ஃப்ரேம் இழுத்துக்கிட்டு வரும்போது மீன் ஒரே தாவல்ல வலையத் தாண்டி அந்தப் பக்கம் போயிருது. ஒரு கால் வந்துச்சு, பேசிட்டுத் திரும்பி கேமுக்கு வந்தா, பேசுன நாலு நிமிஷத்தையும் ஒரே ஃப்ரேமா எடுத்துக்கிட்டு வள்ளம் நேரா எல்லைக் கோட்டத் தாண்டிப் போயி நிக்குது. எங்க ஊர்ல அத வெளையாட்டுக்குக்கூட யாரும் ரசிக்க மாட்டாங்க.

இதுக்கு மருந்து ஃபிக்ஸ்டு டைம்ஸ்டெப். வரையறது ஃபோன் இஷ்டத்துக்கு நடக்கட்டும், கடல் மட்டும் ஒரே சீரா டிக் டிக்னு ஓடணும். பெவியில 'ஃபிக்ஸ்டு அப்டேட்'ல போடுற சிஸ்டம் எல்லாம் வழக்கமா செகண்டுக்கு 64 தடவ ஓடும், ஒரு டிக் 15.625 மில்லிசெகண்டு. யூனிட்டி எண்டிட்டீஸ்ல அதுக்குன்னு தனி குரூப் இருக்கு, அது 60.

உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு ஃப்ரேம எடுத்துப் பாருங்க. போன ஃப்ரேமுக்கும் இதுக்கும் 40 மில்லிசெகண்டு ஆயிடுச்சு. அத உண்டியல்ல போடு. உண்டியல்ல 15.625 இருக்கா? இருக்கு, எடு, ஒரு டிக் ஓட்டு. மிச்சம் 24.375, இன்னொரு டிக். மிச்சம் 8.75, பத்தாது, உண்டியல்லயே கெடக்கட்டும், அடுத்த ஃப்ரேமுக்கு ஆகும். இப்ப வரையணும். 8.75-ங்கிறது ஒரு டிக்குல 56 சதவீதம், அதனால வள்ளத்த போன டிக் எடத்துக்கும் இந்த டிக் எடத்துக்கும் நடுவுல 56 சதவீதத்துல வரைங்க. இதப் பண்ணாம விட்டா கணக்கெல்லாம் சரியா இருந்தும் கண்ணுக்கு வள்ளம் தத்தித் தத்திப் போகும், அப்புறம் ஃபிக்ஸ்டு டைம்ஸ்டெப்பே சரியில்லன்னு திட்டுவீங்க. பழைய எடத்துக்கு ஒரு காம்பொனென்ட், புது எடத்துக்கு ஒரு காம்பொனென்ட், வரையற எடத்துக்குத் தனியா ஒண்ணு வச்சுக்கோங்க. வரையற எடத்த எந்தக் கணக்கு சிஸ்டமும் தொடக் கூடாது.

உண்டியலுக்கு மூடி வேணும். ஒரு டிக்கோட வேலைக்கே 20 மில்லிசெகண்டு ஆகுதுன்னு வைங்க, 15.625 கடன அடைக்க 20 செலவு, அடுத்த ஃப்ரேம்ல கடன் இன்னும் ஏறும், மீட்டர் வட்டி மாதிரி ஏறிக்கிட்டே போயி கேம் உறைஞ்சு நிக்கும். ஒரு ஃப்ரேமுக்கு இவ்வளவு நேரம்தான் சேக்கலாம்னு ஒரு எல்லை போடுங்க. பெவியில அது வழக்கமா 250 மில்லிசெகண்டு, அதாவது 16 டிக். அந்த கால் பேசிட்டு வந்த பிரச்சினைக்கும் இதே மூடிதான்.

இன்னொரு சின்னப் பொறி: கேமரா மெதுவா வள்ளத்தத் தொடரணும்னு 'மிச்ச தூரத்துல பத்துல ஒரு பங்கு நகரு'ன்னு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எழுதுவோம். அதுவும் 60-க்கு ஒரு மாதிரி, 120-க்கு ஒரு மாதிரி. வெறுமனே டெல்டாவால பெருக்குனா சரியாகாது, எக்ஸ்பொனென்ஷியல் ஃபங்ஷன்ல போட்டு எழுதுங்க.

நேரத்த செகண்டாக் கூட்டிக் கூட்டி சாதா ஃப்ளோட்ல (32 பிட் தசம எண்) வைக்காதீங்க. ஒரு நாள் முழுக்க ஓடவிட்டா 7.8 மில்லிசெகண்டுக்குக் கீழ உள்ள வித்தியாசமே அதுக்குத் தெரியாம போயிடும். டிக் நம்பர முழு எண்ணா வைங்க.

5. பட்டன் அமுக்குனது எங்க போச்சு

வலை வீசுற பட்டன அமுக்குனா சில நேரம் வீசல, சில நேரம் ரெண்டு வலை. 120 ஹெர்ட்ஸ் ஃபோன்ல பல ஃப்ரேம்ல டிக்கே ஓடாது, அந்த ஃப்ரேம்ல அமுக்குனது காத்துல போச்சு. மெதுவான ஃபோன்ல ஒரே ஃப்ரேம்ல ரெண்டு டிக், 'இப்பதான் அமுக்குனாங்க'ன்னு ரெண்டு டிக்கும் நம்பும். அதனால ஃப்ரேம் தோறும் ஓடுற ஒரு சின்ன சிஸ்டம் அமுக்குனத ஒரு டப்பாவுல போட்டு வைக்கணும், டிக்குல ஓடுறது அத எடுத்துக்கிட்டு டப்பாவக் காலி பண்ணணும். அந்தச் சின்ன சிஸ்டத்த எங்க வைக்கிறீங்கன்னு கவனிங்க, பெவியில ஒரு ஃப்ரேமுக்குள்ள ஃபிக்ஸ்டு அப்டேட் முடிஞ்சுதான் சாதா அப்டேட் வரும். சாதா அப்டேட்ல வச்சா அமுக்குனது ஒரு ஃப்ரேம் லேட்டாத்தான் போயிச் சேரும்.

6. அழிச்சா உடனே அழியாது

ஒரு மீன ரெண்டு தடவ எண்ணிக்கிட்டு இருந்துச்சு என் கேம். வலை சிஸ்டம் 'இந்த மீன அழி'ன்னு சொல்லும், ஆனா அழிக்கிறது, புதுசா உருவாக்குறது, காம்பொனென்ட் சேக்குறது எல்லாம் அந்த நொடியே நடக்காது, ஒரு சீட்டுல எழுதி வச்சு, ஒரு குறிப்பிட்ட எடத்துல மொத்தமா நிறைவேத்தும். அதுக்குள்ள ரெண்டாவது வலை அதே மீனப் பாத்து அதையும் புடிச்சுருச்சு. பெவி 0.13-ல இருந்து, சீட்டு எழுதுற சிஸ்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நீங்க வரிசை சொல்லியிருந்தா அந்த நிறைவேத்துற எடத்த அதுவே போட்டுக்கும், வரிசை சொல்லலன்னா போடாது. ஒரே சிஸ்டத்துக்குள்ள ரெண்டு வலைன்னா அதுவும் உதவாது, மீன்ல 'புடிபட்டாச்சு'ன்னு ஒரு கொடி வச்சு உடனே மாத்திடுங்க, அழிக்கிறது மெதுவா நடக்கட்டும். நிறைவேத்துற எடம் ஜாஸ்தியானா எல்லா கோரும் அங்க வந்து நிக்கணும், அதனால ஒரு டிக்குக்கு ஒண்ணு ரெண்டோட நிறுத்திக்கோங்க.

7. மீனெல்லாம் டிக்குக்கு டிக் யோசிக்க வேணாம்

300 மீன், ஒவ்வொண்ணும் எந்தப் பக்கம் போலாம்னு செகண்டுக்கு 64 தடவ யோசிச்சா ஃபோன் தோசக்கல்லாயிடும். செகண்டுக்கு நாலு தடவ போதும், அதாவது 16 டிக்குக்கு ஒருக்கா. ஆனா 300-உம் ஒரே டிக்குல யோசிச்சா அந்த டிக் மட்டும் திக்கும். பொறக்கும்போதே ஒவ்வொரு மீனுக்கும் வரிசையா ஒரு நம்பர் குடுங்க, அத 16-ஆல வகுத்த மீதியும் டிக் நம்பர வகுத்த மீதியும் ஒண்ணா இருந்தா மட்டும் யோசிக்கட்டும், டிக்குக்கு 19 மீன்தான் வரும். எண்டிட்டி நம்பரையே இதுக்கு வச்சுக்காதீங்க, அது மறுசுழற்சி ஆகும், பங்கு சமமா விழாது. வாடை, கச்சான்னு காத்து மாறுறது எனக்கு 128 டிக்குக்கு ஒருக்கா. மெதுவா ஓடுற சிஸ்டத்துக்குள்ள ஒரு டிக் நேரத்த வச்சுக் கணக்குப் போட்டா மீனோடதெல்லாம் பதினாறுல ஒரு பங்கு வேகத்துல நடக்கும், ஓடாத டிக்கையும் சேத்துப் பெருக்குங்க.

8. மில்லிசெகண்டு பட்ஜெட்

60 ஃப்ரேம்னா ஒரு ஃப்ரேமுக்கு 16.67 மில்லிசெகண்டு, 120-ன்னா 8.33. நான் ஒரு டிக்குக்கு நாலுக்கு மேல குடுக்குறதில்ல, ஏன்னா மெதுவான ஃபோன்ல சில ஃப்ரேம்ல ரெண்டு டிக் விழும், எட்டு அங்கயே போயிடும், மிச்சம்தான் வரையறதுக்கு. டைரியில கடைசி கட்டத்துல ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் அளந்து எழுதுங்க. டீபக் பில்ட்ல (தப்புத் தேட எடுக்குற, வேகம் கூட்டாத பில்ட்) அளக்காதீங்க, ரஸ்ட்ல அது பல மடங்கு மெதுவா ஓடும், நான் அத நம்பி நல்லா இருந்த மீன் கோட கலச்சுத் தொலச்சேன். எங்க அளக்குறீங்கங்கிறதும் இருக்கு. என் ரூமு ஆஸ்பெஸ்டாஸ் கூர, மே மாசம் மத்தியானம் லேப்டாப்பே சூட்டுல வேகத்தக் கொறச்சுக்கும், ராத்திரி அளந்தா வேற நம்பர். ஃபோன்ல பதினஞ்சு நிமிஷம் கேம் ஓடி சூடானதுக்கு அப்புறம் வர்ற நம்பர எழுதுங்க, ஆளுங்க வெளையாடுறது அந்தச் சூட்டுலதான்.

9. பதிஞ்சு வச்சு திருப்பி ஓட்டுங்க

அமுக்குன பட்டன் எல்லாத்தையும் டிக் நம்பரோட ஒரு ஃபைல்ல எழுதுங்க, ரேண்டமுக்கு ஒரே விதை நம்பர் குடுங்க, அதே ஃபைல ரெண்டு தடவ ஓட்டுங்க. 6400-வது டிக்குல, அதாவது 100 செகண்டுல, வள்ளமும் எல்லா மீனும் ரெண்டு தடவையும் ஒரே எடத்துல நிக்கணும். ஒரே மெஷின், ஒரே பில்ட்ல பாருங்க, வேற வேற ஃபோனுக்கு தசமத்துல கொஞ்சம் மாறலாம். மாறுச்சுன்னா பாதியில, 3200-ல பாருங்க, அங்க சரியா இருந்தா 4800, இப்படி பாதி பாதியா போனா பதிமூணு தடவைக்குள்ள எந்த டிக்குல பிரியுதுன்னு கெடச்சுடும். எனக்கு 1877-ல பிரிஞ்சுது. அந்த டிக்குல வேற ஒண்ணுமே நடக்கல, ரெண்டு மீன் ஒண்ணோட ஒண்ணு முட்டுது, அவ்வளவுதான். எந்த மீன மொதல்ல தள்ளுறதுங்கிறத நான் எங்கயுமே சொல்லாம விட்டிருக்கேன்.